தபால்ல வர்ற குடல் டெஸ்ட் கிட்டை எந்த நாட்டுல யார் திருப்பி அனுப்புறாங்க

நார்வே, ஸ்வீடன், போலந்து மூணு நாட்டுலயும் சேர்ந்து பெருங்குடல் கேன்சரை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற டெஸ்ட்டைப் பத்தி ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணாங்க, நார்டிக் ட்ரையல்னு சொல்வாங்க, ரிசல்ட் 2022ல வந்துச்சு. மக்கள்தொகைப் பதிவேட்டுல இருந்து 55ல இருந்து 64 வயசு வரைக்கும் உள்ளவங்களை குலுக்கல் முறைல எடுத்து, அதுல 28,000க்கும் மேல பேருக்கு "ஒரு தடவை வந்து கொலோனோஸ்கோபி பண்ணிக்கோங்க"ன்னு அழைப்பு அனுப்புனாங்க. கொலோனோஸ்கோபின்னா கேமரா வெச்ச குழாயை குடலுக்குள்ள விட்டுப் பாக்கிறது. ஒரே திட்டம், ஒரே டெஸ்ட், ஒரே வயசு ஆளுங்க. மொத்தமா வந்தவங்க 42%. ஆனா நாடு நாடா பிரிச்சுப் பாத்தா நார்வேல 60.7%, ஸ்வீடன்ல 39.8%, போலந்துல 33%. நார்வேயும் ஸ்வீடனும் பக்கத்து பக்கத்து நாடு, ரெண்டுமே வசதியான நாடு, ரெண்டுலயும் அரசாங்க வைத்தியம் நல்லா இருக்கும், அப்புறம் எப்படி 20 புள்ளி வித்தியாசம் வருது?

இந்த நம்பரைப் பாத்ததுல இருந்து நான் கிடைக்கிறதை எல்லாம் தேடித் தேடி படிச்சிட்டு இருக்கேன். ஏன்னா இந்த மாதிரி கேள்வி வந்தாலே எல்லாரும் உடனே சொல்ற பதில் "மக்களுக்கு விழிப்புணர்வு இல்ல"ங்கறதுதான். டாக்டர் சொல்றாங்க, டிவில சொல்றாங்க, நம்ம வாட்ஸப் க்ரூப்ல சொல்றாங்க. எனக்கு இந்த பதில் மேல ரொம்ப நாளா கோவம் இருக்கு. குறையை முழுசா அந்த மனுஷன் தலைல கட்டிட்டு நாம நிம்மதியா போயிடறோம். நான் படிச்சுப் பாத்த வரைக்கும், பெரிய வித்தியாசம் நிறைய இடத்துல மக்கள் கிட்ட இல்ல, அந்த மனுஷன் கிட்ட எவ்ளோ வேலையை விடறாங்கங்கறதுல இருக்கு.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். பெருங்குடல் கேன்சர் பெரும்பாலும் பாலிப்னு சொல்ற சின்ன சதை வளர்ச்சில இருந்துதான் ஆரம்பிக்கும், அது கேன்சரா மாற பல வருஷம் ஆகும், பத்து வருஷம் கூட ஆகலாம். அந்த இடைவெளிலதான் ஸ்க்ரீனிங், அதாவது அறிகுறி எதுவும் இல்லாதப்பவே பண்ற டெஸ்ட், புகுந்து வேலை செய்யுது. பாலிப்பா இருக்கும்போதே எடுத்துட்டா அது கேன்சரா மாறாது, முதல் ஸ்டேஜ்ல கண்டுபிடிச்சா இங்கிலாந்து கணக்குப்படி பத்துல ஒம்பது பேருக்கு மேல அஞ்சு வருஷம் தாண்டி இருக்காங்க, நாலாவது ஸ்டேஜ்ல கண்டுபிடிச்சா பத்துல ஒருத்தர்தான். வித்தியாசம் அவ்ளோ பெருசு. அதுக்கு வீட்டுலயே பண்ணக்கூடிய டெஸ்ட் ஒண்ணு இருக்கு, ஃபிட்னு பேரு, மோஷன்ல கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கான்னு பாக்கும். ரத்தம் இருந்தா அப்புறம் கொலோனோஸ்கோபிக்கு கூப்பிடுவாங்க. ரத்தம்னாலே கேன்சர்னு அர்த்தம் இல்ல, கொலோனோஸ்கோபிக்கு போறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கேன்சர் இருக்காது.

இப்போ இங்கிலாந்து கதைக்கு வரேன், நான் இருக்கிற ஊருங்கறதால இது எனக்கு நல்லா தெரியும். இங்க 2006ல இந்த திட்டம் ஆரம்பிச்சப்போ ஃபிட் கிடையாது, பழைய கார்டு டெஸ்ட். ஒரு அட்டை வரும், அதுல சின்னச் சின்ன ஜன்னல் மாதிரி ஆறு கட்டம், ஒவ்வொரு தடவையும் ரெண்டு இடத்துல இருந்து குச்சில எடுத்துத் தடவணும், இப்படி மூணு தடவை போன மோஷன்ல இருந்து. அதாவது முதல் நாள் தடவின அட்டையை மூடி வீட்டுலயே வெச்சிருந்து அடுத்த நாள் மறுபடி, அதுக்கு அடுத்த நாள் மறுபடி. நினைச்சுப் பாருங்க. ஆரம்பத்துல போன 26 லட்சம் அழைப்புல திருப்பி அனுப்பினது 54% பேர்தான். அப்பவும் எல்லாரும் இதையேதான் சொன்னாங்க, கூச்சம், பயம், விழிப்புணர்வு இல்ல.

அப்புறம் 2014ல சில இடங்கள்ல மட்டும் ஃபிட்டை சோதனை பண்ணிப் பாத்தாங்க. ஒரே ஒரு சாம்பிள் போதும், ஒரு சின்ன பாட்டில், மூடியோட சேந்த குச்சி, குச்சியை ஒரு தடவை தொட்டு உள்ள விட்டு மூடி தபால்ல போட்டா முடிஞ்சுது. பழைய டெஸ்ட்டுக்கு 59.3% பேர் பதில் அனுப்புன அதே காலத்துல ஃபிட்டுக்கு 66.4% பேர் அனுப்புனாங்க. இதுல என்னை அசர வெச்ச விஷயம் வேற. அதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை கிட் போயும் ஒரு தடவை கூட திருப்பி அனுப்பாதவங்க இருக்காங்கல்ல, "இவங்க திருந்தவே மாட்டாங்க"ன்னு சொல்லுவோமே, அவங்க மத்தில பதில் அனுப்புனவங்க எண்ணிக்கை கிட்டத்தட்ட ரெண்டு மடங்காச்சு. அவங்களுக்கு யாரும் புதுசா பாடம் எடுக்கல. குச்சியை மாத்துனாங்க, அவ்ளோதான். ஸ்காட்லாந்து 2017 நவம்பர்லயே மாறிடுச்சு, அங்க 56% கிட்ட இருந்தது 64% ஆச்சு. இங்கிலாந்து முழுசும் 2019ல மாறுச்சு. 2014லயே சோதனை பண்ணிப் பாத்தும் 2019 வரைக்கும் அந்த ஆறு கட்ட அட்டையையே அனுப்பிட்டு இருந்தாங்கங்கறது எனக்கு இப்பவும் வருத்தமா இருக்கு, அந்த அஞ்சு வருஷத்துல எத்தனை பேர் அட்டையை குப்பைல போட்டிருப்பாங்க.

நெதர்லாந்து 2014ல ஆரம்பிக்கும்போதே ஃபிட்ல ஆரம்பிச்சாங்க. அங்க 55ல இருந்து 75 வயசு வரைக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. முதல் தடவை வர்றவங்களுக்கு முன்கூட்டியே "உங்களுக்கு ஒரு கிட் வரப்போகுது"ன்னு ஒரு லெட்டர், அப்புறம் கிட்டோட அழைப்பு, அனுப்பலைன்னா ஞாபகப்படுத்தி இன்னொரு லெட்டர். ஆரம்பத்துலயே 70%க்கு மேல போயிடுச்சு. இத்தனைக்கும் அங்க டெஸ்ட்தான் இலவசம், அதுல பாசிட்டிவ் வந்து கொலோனோஸ்கோபி பண்ணா அந்த செலவு இன்சூரன்ஸ்ல நாம கைல இருந்து கட்ட வேண்டிய பங்குல சேந்துடும். அந்த விஷயம் சரியில்லைன்னுதான் நான் நினைக்கிறேன், ஆனா அப்படி இருந்தும் 70%. சொல்லப்போனா அவங்களுக்கு வந்த பிரச்சினை நேர் எதிர், நினைச்சதை விட ஜாஸ்தி பேர் பாசிட்டிவா வந்து கொலோனோஸ்கோபி பண்ண இடம் பத்தல, அதனால முதல் வருஷமே எவ்ளோ ரத்தம் இருந்தா பாசிட்டிவ்னு சொல்றதுங்கற அளவை (ஒரு கிராம் மோஷன்ல இத்தனை மைக்ரோகிராம் ஹீமோகுளோபின்னு கணக்கு) 15ல இருந்து 47க்கு ஏத்திட்டாங்க. ஸ்காட்லாந்துல அது 80, இங்கிலாந்துல ஃபிட் ஆரம்பிச்சப்போ 120. எத்தனை பேர் கிட் அனுப்புறாங்கன்னு மட்டும் பாத்துட்டு இந்த நம்பரைப் பாக்காம விட்டுடக் கூடாது, ஏன்னா கிட் அனுப்புன ஒருத்தர் ஒரு நாட்டுல பாசிட்டிவ், அதே ஆள் இன்னொரு நாட்டுல "எல்லாம் சரி, ரெண்டு வருஷம் கழிச்சு பாக்கலாம்".

ஃபின்லாந்து இன்னும் மேல. 2019ல சில ஊர்கள்ல புதுசா ஆரம்பிச்சப்போ கிட்டத்தட்ட 79% பேர் திருப்பி அனுப்புனாங்க.

இப்போ மறுபக்கம். அயர்லாந்துல 2012ல இருந்து திட்டம் இருக்கு, நல்ல திட்டம்தான், ஆனா அங்க முதல்ல வர்றது லெட்டர் மட்டும். அதைப் பாத்துட்டு நாம ஃபோன் பண்ணியோ ஆன்லைன்லயோ "சரி, எனக்கு அனுப்புங்க"ன்னு சொன்னாதான் கிட் வரும். ஒரே ஒரு ஃபோன் கால்தான், அதுல என்ன இருக்குன்னு தோணும். ஆனா பாதிப் பேரைக் கூட எட்டாம திணறிட்டு இருந்தாங்க. ஃப்ரான்ஸ்ல ரொம்ப வருஷமா லெட்டரை எடுத்துட்டு குடும்ப டாக்டர் கிட்ட போய் கிட் வாங்கணும், அப்பாயின்ட்மென்ட் போடணும், போய் உக்காரணும், வேற வியாதிக்கு போனப்போ இதையும் கேக்க ஞாபகம் இருக்கணும். அங்க மூணுல ஒருத்தர் அளவுலதான் நின்னுச்சு. 2022ல இருந்து மருந்துக் கடைலயும் வாங்கலாம், ஆன்லைன்ல ஆர்டர் பண்ணலாம்னு மாத்திருக்காங்க, ஆனா பல வருஷமா "இது டாக்டர் சொன்னா பண்றது"ன்னு பழகினவங்க ஒரே நாள்ல மாறிட மாட்டாங்க.

இதோட நிறுத்திட்டா என் வாதம் ரொம்ப அழகா முடிஞ்சிடும், கிட்டை வீட்டுக்கு அனுப்புனா போதும், எல்லாரும் பண்ணிடுவாங்கன்னு. ஆனா ஆஸ்திரேலியா இருக்கே. அங்க 2006ல இருந்து திட்டம் இருக்கு, கிட் நேரா வீட்டுக்கு வருது, இலவசம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. ஆனா பதில் அனுப்புறவங்க 40% பக்கத்துலயே வருஷக்கணக்கா நிக்குது. வசதியான நாடு, படிச்ச ஜனங்க, தோல் கேன்சருக்கு அவ்ளோ உஷாரா இருக்கிற நாடு. ஏன்னு ஒரே வரில சொல்ல முடியல, ஆனா சின்னச் சின்னதா சில விஷயம் தெரியுது. அங்க ஒண்ணு இல்ல, ரெண்டு சாம்பிள் வேணும், வேற வேற தடவை போன மோஷன்ல இருந்து. முதல் சாம்பிளை எடுத்துட்டு ரெண்டாவது எடுக்கற வரைக்கும் குளிர்ச்சியான இடத்துல வைக்கணும், முடிஞ்சா ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னு சொல்றாங்க. வெயில்ல ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் சிதைஞ்சிடும், அப்புறம் இருக்கிறதும் இல்லாத மாதிரி காட்டும், அதுக்குத்தான். ரொம்ப வெப்பமான பகுதிகளுக்கு வெயில் காலத்துல கிட்டே அனுப்ப மாட்டாங்க, குளிர் மாசங்கள்லதான் அனுப்புவாங்க, அவ்ளோ யோசிச்சு செய்யறாங்க. ஆனா பால் பாக்கெட், தயிர் இருக்கிற ஃப்ரிட்ஜ்ல மோஷன் சாம்பிளை வைக்கணும்னா எத்தனை வீட்டுல ஒத்துக்குவாங்க சொல்லுங்க. நம்ம வீடுகள்ல நெனச்சே பாக்க முடியாது.

இன்னொரு விஷயமும் இருக்கு. கிட் எங்கேயோ ஒரு மத்திய ஆபீஸ்ல இருந்து வருது, நமக்கு தெரிஞ்ச டாக்டர் கிட்ட இருந்து வரல. பூர்வகுடி மக்கள் மத்தில பங்கேற்பு இன்னும் குறைவா இருந்ததால, அவங்க சமூக சுகாதார நிலையங்கள்ல வேலை பாக்கிறவங்களே கிட்டை கைல குடுத்து, எப்படி பண்றதுன்னு சொல்லித் தர்ற ஏற்பாடு கொண்டு வந்தாங்க, இப்போ மத்த டாக்டர்களும் அப்படிக் குடுக்கலாம். இதைப் படிச்சப்போதான் எனக்கு தெளிவாச்சு, வேலையைக் குறைக்கிறது பாதி, மீதிப் பாதி ஒரு தெரிஞ்ச மனுஷன் முகம். ஸ்பெயின்ல பாஸ்க் பகுதில அந்தந்த ஏரியா ஆரம்ப சுகாதார மையத்து டாக்டர், நர்ஸ் எல்லாரையும் இதுல சேத்துக்கிட்டு பண்ணாங்க, அங்க 70%ஐ தொட்டுட்டாங்க.

அமெரிக்காவுல நாடு முழுசுக்கும் ஒரே திட்டம்னு ஒண்ணு கிடையாது, ஆனா வட கலிஃபோர்னியால கைசர் பெர்மனென்ட்டேன்னு ஒரு பெரிய மருத்துவ அமைப்பு என்ன பண்ணாங்கன்னு பாருங்க. அவங்க உறுப்பினர்கள்ல ஸ்க்ரீனிங் சரியா பண்ணி முடிச்சவங்க 2000ல 38.9%, 2015ல 82.7%. அந்தக் காலத்துல அவங்க மத்தில குடல் கேன்சர்ல சாகறவங்க விகிதம் பாதிக்கும் மேல குறைஞ்சுது. மந்திரம் எதுவும் இல்ல. வருஷா வருஷம் கிட்டை வீட்டுக்கு அனுப்புறது, வரலைன்னா லெட்டர், அப்பவும் வரலைன்னா ஃபோன், கண் டாக்டர் கிட்ட போனாலும் கம்ப்யூட்டர்ல "இவங்க இன்னும் டெஸ்ட் பண்ணல"ன்னு காட்டும், அங்கேயே கேப்பாங்க. எலக்‌ஷன் அன்னிக்கு சாயங்காலம் பூத் ஏஜென்ட் லிஸ்ட்டை வெச்சுக்கிட்டு "உங்க வீட்டுல இன்னும் பாட்டி ஓட்டு போடல"ன்னு ஆட்டோவோட வந்து நிப்பாரு பாருங்க, அந்த அக்கறை.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், இந்த சதவீதங்களை பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கும்போது கொஞ்சம் கவனம் வேணும். கைசர் கணக்குல பத்து வருஷத்துக்குள்ள கொலோனோஸ்கோபி பண்ணிருந்தாலும் சேத்தி. நெதர்லாந்து கணக்குல இந்த சுத்துல கிட் போனவங்கள்ல எத்தனை பேர் அனுப்புனாங்கங்கறது. ஜப்பான்ல 1992லயே ஃபிட் டெஸ்ட்டை நாடு முழுக்க கொண்டு வந்துட்டாங்க, யாருக்கும் முன்னாடி, ஆனா முனிசிபாலிட்டி ஒரு பக்கம், கம்பெனி ஹெல்த் செக்கப் ஒரு பக்கம்னு பிரிஞ்சு கிடக்கறதால சர்வே எடுத்துக் கேட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கு, பாதிக்கும் கீழதான் வருது. யாருக்கு கிட் போச்சு, யாருக்கு போகலைங்கற ஒரே லிஸ்ட் இல்லாத இடத்துல விட்டுப் போனவங்களைத் தேடிப் பிடிக்கவே முடியாது.

நாட்டுக்கு நாடு பாக்கறதை விட ஒரே நாட்டுக்குள்ள பாத்தா இன்னும் வலிக்குது. நான் முன்னாடி சொன்ன அந்த 26 லட்சம் அழைப்புல, வசதியான ஏரியாக்கள்ல 61% பேர் அனுப்புனாங்க, ரொம்ப ஏழ்மையான ஏரியாக்கள்ல 35%. ஒரே கிட், ஒரே லெட்டர், ஒரே தபால்காரர். இங்கிலாந்துலயே லண்டன்தான் கடைசி. 2000ல கோவென்ட்ரி, வார்விக்‌ஷைர் பக்கம் முன்னோட்டம் பாத்தப்பவே தெற்காசிய மக்கள் மத்தில ரொம்ப குறைவுன்னு தெரிஞ்சு போச்சு. ஃபிட் வந்தப்புறம் எல்லா இடத்துலயும் ஏறுச்சு, ஆனா அந்த இடைவெளி மூடல. ஆம்பளைங்க பொம்பளைங்களை விட குறைவா அனுப்புறாங்க, ஆனா நோய் அதிகமா வர்றது ஆம்பளைங்களுக்கு.

நம்ம ஆளுங்க விஷயத்துல நான் கண்ணால பாத்ததை சொல்றேன். லண்டன் ஈஸ்ட் ஹாம்ல எங்க சித்தப்பா வீட்டுல கிட் வந்து டிவி ஸ்டாண்டுக்கு மேல கிடந்துச்சு. "சித்தப்பா, இதை ஏன் இன்னும் அனுப்பாம வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன். "எனக்கு என்னப்பா நோவு, காலைல எந்திரிச்சா டாண்ணு போறேன், இதெல்லாம் இருக்கிறவங்களுக்கு"ன்னாரு. ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தான் சித்தப்பா இந்த டெஸ்ட்டே, ரத்தம் கண்ணுக்குத் தெரிஞ்சா, எடை குறைஞ்சா, கிட்டுக்காக காத்துட்டு இருக்காம டாக்டர் கிட்டயே போகணும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம் மெதுவா கேட்டாரு, "அதை எப்படிப்பா பிடிக்கிறது? அதான் தண்ணில விழுந்துடுதே". அவ்ளோதான் விஷயம். பயமும் இல்ல, விழிப்புணர்வு இல்லாமலும் இல்ல. தண்ணில படாம எடுக்கணும்னு போட்டிருக்கு, எப்படின்னு கேக்க ஆள் இல்ல, யார் கிட்ட கேக்கறதுன்னு கூச்சம். காலியான ஐஸ்க்ரீம் டப்பாவை கழுவிக் காய வெச்சு பிடிச்சுக்கலாம், இல்ல டாய்லெட் பேப்பரை நாலஞ்சு மடிப்பா மடிச்சு போட்டுக்கலாம், குச்சியோட கோடு போட்ட பகுதில ஒட்டுற அளவு இருந்தா போதும்னு சொன்னதும் சித்தி உள்ள இருந்து "நான் டப்பா எடுத்து வெக்கிறேன், நாளைக்கு காலைல பண்ணுங்க"ன்னாங்க. பண்ணிட்டாரு. சித்தியோட கிட்டும் உள்ள அலமாரில இருந்துச்சு, அதுவும் சேந்து போச்சு.

ஒரே வீட்டுல நாலஞ்சு குடும்பம் ரூம் ரூமா இருக்கிற இடங்கள்ல ஒரே டாய்லெட்டு, வெளில யாராவது கதவைத் தட்டிட்டு நிப்பாங்க, அங்க யார் நிதானமா சாம்பிள் எடுப்பாங்க? வாடகை வீடு மாறிக்கிட்டே இருக்கிறவங்களுக்கு கிட் பழைய அட்ரஸுக்குத்தான் போகும். நைட் ஷிஃப்ட் போறவங்க, லெட்டரை பையனோ பொண்ணோ படிச்சுச் சொன்னாதான் புரியும்ங்கற அம்மாக்கள், இவங்க எல்லாரையும் சேத்து "ஆர்வம் இல்லாதவர்கள்"னு ஒரு கட்டத்துல போட்டுடறாங்க. அந்த 35%க்குள்ள வராம போன ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கும், கேட்டாதான் தெரியும்.

ஊர்ல இருக்கிறவங்க இதைப் படிச்சுட்டு நமக்கு ஏன் இப்படி கிட் வர்றதில்லைன்னு கேக்கலாம். இந்தியால இந்த நோய் வர்ற விகிதம் ஐரோப்பாவை விட ரொம்ப குறைவு, அரசாங்கம் ஊர் ஊரா போய் பாக்கிற கேன்சர் பரிசோதனைல வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூணும்தான் இருக்கு, குடல் இல்ல, அது நியாயமான முடிவுதான். ஆனா நம்ம ஊர்ல வேற ஒரு ஆபத்து இருக்கு. மோஷன்ல ரத்தம் வந்தா "சூடு"ன்னு சொல்லி மோர் குடிக்கிறது, இல்ல "மூலம்தான்"னு நாமளே முடிவு பண்ணி மாசக்கணக்கா மருந்துக் கடைல களிம்பு வாங்கித் தடவுறது. மூலமாவே இருக்கட்டும், அதை ஒரு டாக்டர் பாத்துட்டு சொல்லட்டும், முக்கியமா 45, 50 தாண்டினவங்களுக்கும், வீட்டுல அப்பா அம்மா கூடப்பிறந்தவங்க யாருக்காவது இந்த நோய் வந்திருந்தா அவங்களுக்கும். சிங்கப்பூர்ல இருக்கிறவங்களுக்கு நிலைமையே வேற, அங்க ஆம்பளைங்களுக்கு வர்ற கேன்சர்கள்ல முன்னணில இருக்கிறதுல இதுவும் ஒண்ணு, 50 தாண்டின குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சிங்கப்பூர் கேன்சர் சொசைட்டில கிட் இலவசமா வாங்கிக்கலாம். ஆனா வாங்கிக்கணும், தானா வீட்டுக்கு வராது, அயர்லாந்து மாதிரி அங்கயும் முதல் அடியை நாமதான் வெக்கணும்.

இங்கிலாந்துல இருக்கிறவங்களுக்கு: முன்னாடி 60 வயசுலதான் கிட் வரும், 2021ல இருந்து படிப்படியா இறக்கி இப்போ 50ல இருந்து 74 வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருது. 75 தாண்டின தாத்தா பாட்டிக்கு தானா வராது, ஆனா ஸ்க்ரீனிங் ஹெல்ப்லைனுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டா அனுப்புவாங்க. கிட் தொலைஞ்சு போச்சு, இல்ல தேதி முடிஞ்சு போச்சுன்னாலும் அதே நம்பர், புதுசு அனுப்புவாங்க, காசு கிடையாது. வீடு மாறினா ஜிபி, அதான் குடும்ப டாக்டர், கிட்ட அட்ரஸை மாத்திடுங்க, கிட் அந்த அட்ரஸுக்குத்தான் வரும். எப்படி எடுக்கறதுன்னு யாருக்காவது சந்தேகம் இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, எந்த கூச்சமும் வேணாம், தமிழ்லயே சொல்றேன்.